நெற்றி சுடாத வலி

தம்பி,

உனக்கு வலித்தபோதெல்லாம் எனக்கு ஏன் கோபம் வந்தது? இரக்கம் வந்திருக்க வேண்டும். பயமாவது வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்ததில் சில காரணங்கள் கிடைத்தன, அவற்றைக் கீழே எழுதுகிறேன். ஆனால் காரணத்தைக் காட்டிவிட்டால் கேள்வி தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகள் அப்படி எழுதினால் நானே அரை மார்க்குக்கு மேல் போடுவதில்லை.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். வேலைக்கு வசதியென்று வெலிமடையிலேயே வீடு பார்த்துவிட்டாய். இனி உனக்கு வலி வந்தால் பக்கத்தில் இருக்கப் போகிறவள் தர்ஷினி. இவ்வளவு காலமும் பக்கத்தில் இருந்தவள் நான் என்று எழுதக் கை வரவில்லை. ஒரே வீட்டில் இருந்தேன், அவ்வளவுதான். நேரில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று எழுந்து போய்விடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வெலிமடையில் தர்ஷினி வீட்டுக்குப் போனோமே, அதிலிருந்து தொடங்குகிறேன். வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் ஏறுவதற்கு முன்னாலேயே உன் அத்தை என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனார். அப்பா இல்லாத வீட்டில் அவர்தான் பெரியவர், சம்பந்தம் கொண்டு வந்தவரும் அவர்தான். "இந்தா பாரு புள்ள, வயித்து வலி கியித்து வலின்னு வாய் தவறிச் சொல்லிடாத. வலின்னா அல்சர்ம்பாங்க. அல்சர்னா குடிகாரப் பயம்பாங்க. நாலாவது வீட்டுக்குப் போறதுக்குள்ள கேன்சர் ஆகிப்போயிடும். கல்யாணம் முடியட்டும், பொறகு அவளே தெரிஞ்சுக்குவா" என்றார். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, இருபது வருடத்துக்கு மேல் பதுளையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற நான், அதற்குத் தலையை ஆட்டினேன். அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டதால் இல்லை. உன் வலியைப் பற்றிப் பேசாமல் இருக்க எனக்கு எப்போதும் ஒரு சாக்கு தேவைப்பட்டது, அன்றைக்கு அதை அவர் கொடுத்தார்.

சாப்பாட்டுக்கு இலை போடும்போது தர்ஷினியின் அம்மா என்னிடம் கேட்டார். "மாப்பிள்ளைக்கு ஒத்துக்காத சாப்பாடு எதும் இருக்கா டீச்சர்?" எவ்வளவு நல்ல கேள்வி. நான் உன் ஒன்பது வருட வலியில் ஒரு நாள்கூடக் கேட்காத கேள்வி. "அப்படி ஒண்ணும் இல்லீங்க. கல்லைக் குடுத்தாலும் தின்னு செமிப்பான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு அவித்த கடலை, பலாக்காய்க் கறி, உறைப்பான கோழிக் கறி என்று வைத்ததையெல்லாம் சாப்பிட்டாய். இரண்டாம் முறை வைத்ததையும் சாப்பிட்டாய். கடைசியில் பால் டீயும் குடித்தாய். பெண்ணின் அண்ணன் லீக்ஸ் தோட்டம் காட்டுகிறேன் என்று உன்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது வானில் நீ யன்னலில் தலையைச் சாய்த்து, ஒரு கையை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு வந்தாய். "என்ன தம்பி, வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்லம்மா, தூக்கம்" என்றாய். பதுளைக்குக் கிட்ட ஹாலிஎல வரும்வரை உன் கை அந்த இடத்தை விட்டு எடுபடவில்லை.

உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவர் கங்காணியாக இருந்தார் என்பது உனக்குத் தெரியும். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வந்து நிற்பார்கள். எந்த மலைக்கு யார் கொழுந்தெடுக்கப் போக வேண்டும் என்று அங்கேதான் பிரித்து விடுவார்கள். உடம்புக்கு முடியாதவர்களும் அங்கே வந்துதான் சொல்ல வேண்டும். என் அப்பா புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். சுட்டால் மருந்தெடுக்க அனுப்புவார். சுடாவிட்டால் மலைக்கு அனுப்புவார். காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கலாம், காயத்தைக் கண்ணால் பார்க்கலாம், வயிற்று வலியை என்ன செய்வது? வேலைக்குப் போக விருப்பம் இல்லாதவர்கள் சொல்லும் பொய்யும் பெரும்பாலும் வயிற்று வலியாகத்தான் இருந்தது. அதனால் வயிற்று வலி என்று வந்த எல்லாருமே பொய்க்காரர்கள் என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. இந்தப் பிழையைச் செய்வதற்கு ஒருவர் கங்காணியாக இருந்திருக்க வேண்டும், அல்லது கங்காணியின் மகளாக.

ஒரு நாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் நான் களத்தின் ஓரம் நின்று பார்த்தேன். மாரியாயி என்று ஒரு அக்கா, கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தபடி நின்றார். "வயித்தப் புடிச்சு முறுக்குதுங்க கங்காணி, நிமிர முடியல" என்றார். அப்பா நெற்றியைத் தொட்டார். "பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. நெத்தியில இருந்தா காட்டு. வயித்துக்குள்ள இருக்கத நான் எந்தக் கண்ணால பாக்க?" யாரோ பின்னாலிருந்து, "ராத்திரி ரொட்டி ரெண்டு கூடப் போயிருக்கும் கங்காணி!" என்றார்கள். களமே சிரித்தது. நானும் சிரித்தேன். என் அப்பாவை யாராலும் ஏமாற்ற முடியாது என்று பெருமையாகவும் இருந்தது. மாரியாயி அக்கா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, குனிந்தபடியே மலைக்கு ஏறினார். அவருக்கு என்ன நோய் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் பார்க்கவில்லை.

நான் எதையும் சும்மா நம்பாதவள் என்று பெயர் எடுத்தவள். உனக்கு முதன்முதலில் வலி வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா, "குடல் விழுந்திருக்கும் டீச்சர், எண்ணெய் போட்டுத் தடவி ஏத்தணும்" என்றார். இன்னொருவர், வயிற்றில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுக்கிற அம்மாவிடம் கொண்டுபோகச் சொன்னார். "குடல் என்ன கொடியில காயுற துணியா, விழுறதுக்கு?" என்று கேட்டு இரண்டு பேரையும் அனுப்பிவிட்டேன். அது சரிதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அவர்கள் இருவரும் உனக்கு வலிக்கிறது என்பதையாவது நம்பினார்கள். நான் அதையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன். எல்லா நம்பிக்கையையும் கேள்வி கேட்ட எனக்கு, பெரட்டுக்களத்து நம்பிக்கை ஒன்று எனக்குள் இருந்ததே தெரியவில்லை.

உயர்தரப் பரீட்சையின் இரண்டாம் நாள் காலை உனக்கு நினைவிருக்கும். எனக்கு நினைவில்லை என்று நீ நினைத்திருக்கலாம். கட்டிலில் முழங்காலை நெஞ்சுவரை மடக்கிக்கொண்டு கிடந்தாய். முகம் வியர்த்திருந்தது. "ஏலாதும்மா" என்றாய். நான் என்ன செய்தேன்? புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "நெத்தி ஜில்லுன்னு இருக்கு. எழும்பு. பரீட்சை அன்னைக்குத்தான் வருமா உனக்கு?" என்றேன். நீ எழுந்து போனாய். மூன்று முறை கழிவறைக்குப் போனதில், எழுதத் தெரிந்த வினாக்களை எழுதாமலே தாளைக் கொடுத்தாய். பெறுபேறு வந்தபோது அந்த ஒரு பாடத்தில்தான் விழுந்திருந்தாய். நான் நான்கு நாள் உன்னோடு பேசவில்லை. பரீட்சை அன்றைக்கு மட்டும் வலி வருவது நடிப்புக்கு அடையாளம் என்று அன்றைக்கு நினைத்தேன். பயமும் பதற்றமும் குடலை முறுக்கும் என்பதும், இந்த நோயே அப்படித்தான் என்பதும் பிறகு தெரிந்தது. மூளைக்கும் குடலுக்கும் இடையில் ஓடும் நரம்புகளை நான் கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன். படத்துக்குக் கீழே பெயர் எழுதத் தெரிந்தது, வீட்டில் கிடந்த பிள்ளையைத் தெரியவில்லை.

பிறகு உன்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். இரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், குழாய் விட்டும் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது. அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை. குடல் அசையும் விதம் ஒழுங்கில்லாமல் இருக்கிறது, மற்றவர்கள் உணராத அசைவையும் இவன் குடல் வலியாக உணர்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வலி உண்மையானது. வரும் வழியில் ஓட்டோவில் நான், "பாத்தியா, ஒண்ணுமில்லையாம்" என்றேன். நீ வெளியே பார்த்தபடி சொன்னாய்: "ஒண்ணுமில்லைன்னா சொன்னாங்க? வலி உண்மைன்னுதானேம்மா சொன்னாங்க." ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு நீ என்னிடம் வலி என்று ஒரு முறையும் சொல்லவில்லை. உனக்குச் சுகமாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால், உடுப்பு அடுக்கும்போது உன் அலுமாரியில் ஒரு நோட்டைக் கண்டேன். வாசித்தேன். பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். டாக்டர் எழுதச் சொன்னது என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. என்ன சாப்பிட்டாய், எவ்வளவு தூங்கினாய், பத்துக்கு எத்தனை வலி. கோடு போட்ட அட்டவணையின் கடைசி நிரலுக்கு "வேறு" என்று தலைப்புப் போட்டிருந்தாய். "பஸ்ஸில் நெரிசல்." "மேலதிகாரி ஏச்சு." சில நாட்களில் "அம்மா" என்று மட்டும் இருந்தது. அந்த நாட்களில் வலி ஏழுக்குக் குறையவே இல்லை. அட்டவணையை வாசிப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். உன் அட்டவணையை வாசிக்க எனக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. கடலைக்கும் பாலுக்கும் அடுத்ததாக என் பெயர் இருந்தது.

அதன் பிறகுதான் படித்தேன். கிளினிக்கில் தந்த தாள்களை எடுத்து வாசித்தேன், அந்த டாக்டரிடமும் தனியாகப் போய்க் கேட்டேன். உனக்கு இவற்றில் பாதி தெரிந்திருக்கும். தெரிந்தால் தாண்டிப் போ. வலி பிடித்தவுடன் சூடு நல்லது. சுடுதண்ணீர்ப் பையைத் துவாயில் சுற்றி, வயிற்றில் கால் மணி நேரம் வை. கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், வலியில் தோல் வேவது தெரியாது. முழங்காலை மடக்கி இடது பக்கமாகப் படுத்துப் பார். மூச்சை நெஞ்சில் நிறுத்தாமல் வயிறுவரை இறக்கி, இழுத்ததைவிட மெதுவாக விடு. இதைச் சாமியார் வேலை என்று நான் சிரித்திருப்பேன். ஆனால் முறுக்கிய தசை தளர அது உதவுகிறது என்று டாக்டரே சொன்னார். அவர் எழுதித் தந்த, முறுக்கலைக் குறைக்கும் மாத்திரையை அவர் சொன்ன அளவில் போடு. கடையில் வாங்கும் மற்ற வலி மாத்திரைகளை வெறும் வயிற்றில் போடாதே, அவை புண்ணாக்கும். பேதி மருந்து கொடுத்து வயிற்றைக் கழுவுகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பு. பெருஞ்சீரகத் தண்ணீரும் புதினாவும் சிலருக்குக் கேட்கிறதாம். என் சந்தேகம், அதில் பாதி வேலையைச் சூடான தண்ணீரே செய்கிறது என்பது. புதினாவால் நெஞ்செரிந்தால் விட்டுவிடு. ஓரளவு அடங்கியதும் முற்றத்தில் மெதுவாக நட.

வலி இல்லாத நாட்களில்தான் அதிக வேலை இருக்கிறது. ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிடாதே, பட்டினியும் கிடக்காதே. வெறும் வயிற்றில் பால் டீ வேண்டாம். கடலை, பலா, முட்டைக்கோவா, வெங்காயம், பூண்டு, உறைப்பு இவற்றில் எது உனக்கு ஆகவில்லை என்பதை ஒவ்வொன்றாகச் சில வாரம் நிறுத்திப் பார்த்துத்தான் அறியலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் உடம்புதான் மெலியும். காலையில் அரை மணி முன்னதாக எழும்பு. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கழிவறையை ஒத்திவைக்காதே. இவற்றையெல்லாம் செய்தும் சில நாள் வலிக்கும். அது உன் பிழையில்லை. ஆனால் ஒன்றை மறக்காதே. மலத்தில் இரத்தம் போனாலோ, கறுப்பாகப் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, காரணமில்லாமல் மெலிந்தாலோ, தூக்கத்திலிருந்து வலி உன்னை எழுப்பினாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ, வயிறு கல்லுப்போல வீங்கிக் காற்றும் பிரியாமல் போனாலோ, இது அந்தப் பழைய வலிதானே என்று வீட்டில் படுக்காதே. ஆஸ்பத்திரிக்குப் போ. புதுவிதமான எந்த வலிக்கும் போ. நம்பாதவர்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் தங்கள் வலியைத் தாங்களே நம்ப மாட்டார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்று வாரமாக இவ்வளவும் தெரிந்தும் நான் சமையலில் எதையும் மாற்றவில்லை. மாற்றினால் நோட்டை வாசித்தது உனக்குத் தெரிந்துவிடும் என்று பேசாமல் இருந்தேன். உறைப்பை மட்டும் கொஞ்சம் குறைத்தேன், நீ கவனித்தாயா என்று தெரியாது. உனக்கு வலிப்பதைவிட நான் பிடிபடுவது எனக்குப் பெரிதாக இருந்தது. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உன் நோயைத் தர்ஷினியிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் விருப்பம். சொல் என்றுதான் நான் கேட்பேன். மறைத்துக் கட்டிய கல்யாணத்தில் நீ இன்னும் முப்பது வருடம் "தூக்கம், தூக்கம்" என்று சொல்லிக்கொண்டு இருக்க வேண்டிவரும். ஆனால் அவர்கள் வீட்டில் பொய் சொன்னவள் நான். அதைத் திருத்துவது என் வேலை. நாளைக்குப் பாடசாலைக்கு லீவு போட்டிருக்கிறேன். வெலிமடைக்குப் போய் அந்த அம்மாவிடம், அன்றைக்கு நான் சொன்னது உண்மையில்லை, மகனுக்கு எல்லாச் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாது, மிச்சத்தை அவனிடமே கேளுங்கள் என்று சொல்லப்போகிறேன். அதனால் இந்தச் சம்பந்தம் முறிந்தால் அத்தை என்னை மன்னிக்க மாட்டார். நீயும் மன்னிக்காமல் போகலாம். கடிதத்தை இன்றைக்குத் தராமல், போய் வந்த பிறகு தருகிறேன். முன்கூட்டியே தந்தால் நீ என்னைத் தடுப்பாய், தடுத்தால் நான் நின்றுவிடுவேன்.

மறுநாள் நடந்ததை, போய் வந்த பிறகு இதே கடிதத்தில் சேர்த்து எழுதுகிறேன். எட்டரை மணி பஸ்ஸில் போனேன். தர்ஷினியின் அம்மா முற்றத்தில் கரட் கழுவிக்கொண்டிருந்தார். "என்ன டீச்சர், தனியா வந்திருக்கீங்க, எதும் பிரச்சினையா?" என்று கையைத் துடைத்தபடி எழுந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதை நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் கழுவிய கரட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? எங்களுக்குத் தெரியுமே" என்றார். நீ தர்ஷினியிடம் போனில் பேசத் தொடங்கிய முதல் வாரமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயாம். அவள் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டாரிடம் சொன்னாளாம், வேறு வழியில்லாமல். நீ லீக்ஸ் தோட்டம் பார்க்கப் போகவில்லை. பின் அறையில் அண்ணனின் கட்டிலில் சுருண்டு கிடந்தாய். அவள் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணியில் சுற்றிக் கொடுத்தாள். முன் ஹாலில் நான் உனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை என்று பேசிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா பின் அறையில் உன்னைப் பார்த்துவிட்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்து, அதையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "ஏன் தம்பி இதெல்லாம் சாப்பிட்டீங்கன்னு கேட்டேன் டீச்சர். அம்மா அப்படிச் சொல்லிட்டாங்க, இனி எப்படிங்க வேணாம்கிறதுன்னாரு. அம்மாவுக்கு மட்டும் சொல்லிடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு."

சம்பந்தம் முறியவில்லை. சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தார்கள். தர்ஷினி சோறும், வெங்காயம் பூண்டு போடாத கரட் கறியும் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாரமாக இப்படிச் சமைத்துப் பழகுகிறாளாம். "ருசி பாருங்க அத்தை. அவருக்கு இந்த அளவு உப்புப் போதுமா?" என்று கேட்டாள். நான் உனக்கு அப்படி ஒரு கறி சமைத்ததே இல்லை. "எனக்குத் தெரியலம்மா" என்றேன். "பரவாயில்ல, அவர்கிட்டயே கேக்குறேன்" என்று போனை எடுத்தாள். நீ முதல் மணியிலேயே எடுத்தாய்.